அவையல் கிளவியும் கொம்புமுறிப் பாட்டும்

பத்திரிகை அலுவலகத்தில் நான் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட சொற்றொடர்களுள் ஒன்று, "தகாத வார்த்தைகளால் ஏசினார்" என்பதாகும். 1990களின் முற்பகுதியில் நீதவான் நீதிமன்றச் செய்திகளை எழுதும் பணி எனக்குத் தரப்பட்டிருந்தது. எதிரி முறைப்பாட்டாளரை நோக்கிக் கூறிய சொற்கள் பொலிஸாரின் அறிக்கையில் எழுத்துக்கு எழுத்து இருக்கும். அவற்றைத் திறந்த மன்றில் வாசிக்கும்போது முதலியார் போன்ற தோற்றமுடைய ஒரு முதிய சட்டத்தரணி கூரையைப் பார்ப்பார். பின்வரிசையில் இருப்பவர்கள் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வார்கள். ஆனால் மறுநாள் பத்திரிகையில் "தகாத வார்த்தைகள்" மட்டுமே இருக்கும். ஒருநாள் எனது செய்தி ஆசிரியரிடம், "ஐயா, தகாத என்றால் யாருக்குத் தகாத?" என்று கேட்டேன். அவர் தலை நிமிராமலே, "பேப்பருக்குத் தகாத" என்றார்.

அந்தப் பதில் எவ்வளவு பழைமையானது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் தொல்காப்பியம் படித்து நாலைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. படித்தது பரீட்சையோடு போயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சொல்லதிகாரத்தின் எச்சவியலில் இதற்கென இரண்டு நூற்பாக்கள் உள்ளன. முதலாவது, அவையிலே கூறத்தகாத சொல்லை மறைத்துக் கூறுமாறு விதிக்கிறது. அச்சொல்லுக்குத் தொல்காப்பியர் இட்ட பெயர் அவையல் கிளவி. தீய சொல் என்றோ, இழிந்த சொல் என்றோ அவர் கூறவில்லை. அவைக்கு ஆகாத சொல் என்கிறார், அவ்வளவே. குற்றம் சொல்லில் இல்லை, அது ஒலிக்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டாவது நூற்பா இன்னும் சுவையானது. மறைக்கும்போதும், வழங்கி வழங்கி மக்களிடையே பழகிப்போன சொற்களை மறைக்க வேண்டியதில்லை என்று விலக்களிக்கிறது. பசுவின் சாணத்தைக் குறிக்கும் ஆப்பி என்ற சொல்லை உரையாசிரியர்கள் இதற்கு உதாரணமாகக் காட்டுவர். எல்லாரும் நாள்தோறும் கூறுவதை மறைப்பானேன் என்ற நடைமுறை அறிவு அந்த இலக்கண ஆசிரியருக்கு இருந்திருக்கிறது. பிற்காலத்து நன்னூல், இடக்கர் அடக்கல் என்று பெயரிட்டு, மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்தது. "கால் கழுவி வருகிறேன்" என்று நாம் சொல்வதெல்லாம் இந்த வகைதான்.

மறைப்பதற்கு விதி இருந்ததென்றால், மறைக்காமற் சொல்லிச் சிரித்ததற்கு என்ன பெயர் இருந்தது? இந்தக் கேள்விதான் என்னை நெடுங்காலம் அலைக்கழித்தது. மெய்ப்பாட்டியலிலே நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்கள் கூறப்படுகின்றன. காமம் பற்றிய கேலி இவற்றுள் எங்கே அடங்கும் என்பதற்கு நேரான விடை இல்லை. செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக்குகிறது. வெளிப்படையாக வசைபாடுவது ஒன்று, மறைத்து வசைபாடுவது மற்றையது. அதுவும் வசைக்குரிய பெயரேயன்றி இந்தச் சிரிப்புக்குரிய பெயரன்று.

ஆனால், பெயர்தான் இல்லையேயொழியப் பொருள் இருந்தது. கலித்தொகையின் மருதக்கலியில் 94ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். அரண்மனைக் குற்றேவல் செய்யும் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் சந்திக்கிறார்கள். ஒருவர் உடலை மற்றவர் கேலிசெய்கிறார்கள். எப்படித் தழுவுவது, முன்னாலா பக்கவாட்டிலா என்பதே வழக்காகிறது. ஏசிக்கொண்டே இணங்கிப்போகிறார்கள். சங்க இலக்கியத்தை அகம் என்றும் புறம் என்றும் மட்டும் பாடசாலையில் கற்ற எவரும் இந்தப் பாட்டை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எனது விரிவுரையாளர் இதனை "நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போனார். விடுதிக்கு வந்ததும் நாங்கள் முதலில் வாசித்தது அதைத்தான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தலைவனும் தலைவியும் இவ்வாறு பேச மாட்டார்கள். அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறம்பான கைக்கிளை, பெருந்திணைகளுக்கு உரியர் என்பது இலக்கண மரபு. உடலைப்பற்றிச் சிரிக்கும் உரிமையை மேலோர் தமக்கு மறுத்துக்கொண்டு, வேலைக்காரர் வாயில் வைத்துக் கேட்டு மகிழ்ந்திருக்கிறார்கள். இதே ஏற்பாடு பல நூற்றாண்டுகளின் பின் பள்ளுப் பிரபந்தங்களில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரையொருவர் ஏசும் இடத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளு விநாயகப் பெருமான் மேல் பாடப்பட்ட பக்தி நூல். அதிலும் ஏசல் உண்டு. கேட்டவர் எவரும் காதைப் பொத்திக்கொண்டதாகத் தெரியவில்லை. கலித்தொகையை 1887இல் முதன்முதலில் அச்சேற்றியவர் நமது சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அந்தப் பாட்டை அவர் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இனிச் சொற்களுக்கு வருவோம். இன்று நாம் இவ்வகைப் பேச்சுக்கு வழங்கும் பெயர்களுள் பெரும்பாலானவை வடமொழியிலிருந்து வந்தவை. அதுமட்டுமன்றி, வந்த இடத்திலே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவை.

ஆபாசம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வடமொழியில் இதற்குத் தோற்றம், போலி என்பனவே பொருள். தருக்க நூலார் ஏதுவைப் போலத் தோன்றி ஏது அல்லாததை ஹேத்வாபாசம் என்றனர். தமிழில் அது ஏதுப்போலி. அணிநூலார், சுவை போலத் தோன்றியும் முறைகேடான இடத்திற் பிறப்பதை ரசாபாசம் என்றனர். ஒருதலைக் காமம் போன்றவற்றை அதற்குக் காட்டுவர். இந்த ரசாபாசத்தின் வழியாகவே ஆபாசம் தமிழில் இன்றைய பொருளை எய்தியிருக்க வேண்டும் என்பது எனது எண்ணம். விரசமும் அப்படித்தான். சுவை கெட்டது என்பதுதான் அதன் பொருள். அதன் எதிர்ச்சொல்லான சரசம் சுவையோடு கூடியது. சரசத்துக்கும் விரசத்துக்கும் இடையிலே ஓரெழுத்துத்தான் வேறுபாடு. தணிக்கை செய்வோர் அந்த ஓரெழுத்தில்தான் இடறி விழுகிறார்கள்.

வடமொழி அணிநூலார் அஸ்லீலம் என்ற குற்றத்தை மூன்றாக வகுத்தனர். நாணம் தருவது, அருவருப்புத் தருவது, அமங்கலமானது. நன்னூலார் இடக்கர் அடக்கலையும் மங்கலத்தையும் அடுத்தடுத்து வைத்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இரு மரபினரும் ஒரே கூச்சத்தைத்தான் வகைப்படுத்தினர் என்பது விளங்கும். இறந்தார் என்னாது துஞ்சினார் என்பதும், மற்றதைச் சொல்லாது கால் கழுவினார் என்பதும் அவர்களுக்கு ஒரே வரிசையில் இருந்தன.

எல்லாவற்றிலும் விசித்திரமானது நம்மவர்களுக்கே உரிய தூஷணம். யாழ்ப்பாணத்தார் தூசணம் என்பர். மிஞ்சினால் பச்சைத் தூசணம். தமிழகத்து நண்பர் ஒருவரிடம் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது அவருக்கு விளங்கவில்லை. அங்கே கெட்ட வார்த்தை என்பதே வழக்கு. 1854இல் ஆறுமுக நாவலர் வெளியிட்ட நூலின் பெயர் சைவதூஷண பரிகாரம். அதிலே தூஷணம் என்பது மிஷனரிமார் சைவத்தின்மீது சுமத்திய நிந்தை. கிறிஸ்தவர்களும் கடவுள் நிந்தையைத் தேவதூஷணம் என்றே மொழிபெயர்த்தார்கள். சமயவாதிகளின் மேடையில் நின்ற ஒரு கனமான சொல், பின்னர் கள்ளுத்தவறணையில் போய் உட்கார்ந்துகொண்டது. நாவலர் பெருமான் இன்று வந்து தமது நூலின் பெயரை ஒரு பாடசாலை மாணவனிடம் சொன்னால், அவன் என்ன நினைத்துக்கொள்வான் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

பகிடி, நளினம், பம்பல் ஆகிய நம்மூர்ச் சொற்களிலே பழி இல்லை. பகிடி எதனையும் தழுவும். நொடி என்று நாம் கூறும் விடுகதைகளுள் ஒரு பெரும் பகுதி, கேட்பவனைத் தவறாக நினைக்கவைத்து, கடைசியில் உரலும் உலக்கையும் என்றோ, பூட்டும் திறப்பும் என்றோ முடிபவை. சிரித்தவனைப் பார்த்து "உன்ர மனம்தான் சரியில்லை" என்பாள் நொடி போட்ட கிழவி. எனது பேத்தியார் இதில் விண்ணி. அவர் ஒருநாளும் ஒரு தகாத வார்த்தையைத் தம் வாயால் சொன்னவரல்லர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்திலே பகிடி ஒரு புராணமாகவே எழுந்தது. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆடிய கனகி என்ற கணிகையைப் பாட்டுடைத் தலைவியாக்கி நட்டுவச் சுப்பையனார் பாடிய கனகி புராணத்தையே சொல்கிறேன். முழு நூலும் கிடைக்கவில்லை. எஞ்சியவை சில பாடல்களே. கனகியின் வாசலுக்குப் படையெடுத்த பெரிய மனிதர்கள்தாம் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள். கோயில்தோறும் கந்தபுராணத்துக்குப் பயன்சொல்லிக் கேட்டுப் பழகிய சமூகம் அது. படலம் எப்படித் தொடங்கும், சுயம்வரம் எப்படி நடக்கும் என்பதெல்லாம் கேட்போருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்தத் தெய்வீக அச்சிலே ஊர்ப் பிரபுக்களை ஊற்றி எடுத்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அதே வண்ணார்பண்ணையில் 1848இல் நாவலர் தமது சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கோயில்களில் தாசியர் ஆட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தவர் அவர். நாவலரின் வசனமும் சுப்பையனாரின் விருத்தமும் ஒரே குறைபாட்டைத்தான் சுட்டின என்று நான் கருதுவதுண்டு. ஒன்று பாடப்புத்தகமாயிற்று. மற்றது வாய்வழியே அலைந்து தேய்ந்தது. கனகி என்ற பெண் இவை அனைத்தையும் பற்றி என்ன நினைத்தாள் என்பதை ஒருவரும் பாடவில்லை.

சட்டம் வந்தது. 1868இல் இங்கிலாந்தில் ஹிக்ளின் வழக்கின் தீர்ப்பு, மனம் இளகக்கூடியவர்களைக் கெடுக்கும் போக்குடையது எதுவோ அதுவே ஆபாசம் என்று வரையறுத்தது. அவை போய், வாசகனின் மனம் அளவுகோலாயிற்று. நமது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசப் பாடல் பாடுவதைக் குற்றமாக்கியது. 1927இல் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டமும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் நடந்ததைப் பலரும் அறிவர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கரின் அவையில் அரங்கேறிய முத்துப்பழனியின் இராதிகா சாந்த்வனமு என்ற தெலுங்குக் காவியத்தை 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் பதிப்பித்தார். மறு ஆண்டே ஆபாசம் என்று அது தடைசெய்யப்பட்டது. 1947இல் பிரகாசம் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அரசவையிலேயே ஏற்கப்பட்டது, இருபதாம் நூற்றாண்டில் அச்சுக்கு ஆகாததாயிற்று. எழுதியவளும் கணிகை, பதிப்பித்தவரும் கணிகையர் குலத்தவர் என்பதே பலரை உறுத்தியது. ஆண்கள் பாடிய விறலிவிடு தூதுகளை யாரும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

மட்டக்களப்பிலே கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்தது கொம்புமுறி விளையாட்டு. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். யார் எந்தச் சேரி என்பது பரம்பரையாக வருவது. வளைந்த வைரமான இரண்டு மரக்கொம்புகளை ஒன்றிலொன்று கொளுவிக் கயிறுகட்டி இருபக்கமும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். கோவலனும் கண்ணகியும் பூப்பறிக்கச் சென்றபோது அவர்களுடைய கொக்கைத்தடிகள் சிக்கிக்கொண்ட கதை இதற்கு அடிப்படை. மழை பொய்த்தால், நோய் பரவினால் விளையாட்டு நடக்கும். வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகத்தில் இதனை விவரித்திருக்கிறார். சிங்கள மக்களிடையே பத்தினி தெய்வத்துக்கு நடக்கும் அங்கெலிய இதன் உடன்பிறப்பு. பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளிவந்த தமது பெருநூலில், வென்றவர்கள் தோற்றவர்களை நோக்கிப் பாடும் பச்சையான வசைகளை விரிவாக ஆராய்ந்தார். கேரளத்தின் கொடுங்கல்லூரில் மீனப் பரணி விழாவின்போது பகவதியின் சந்நிதியிலே பாடப்படும் தெறிப்பாட்டும் இவ்வாறானதே. அந்தப் பகவதியையும் கண்ணகியோடு இணைத்துப் பேசுவோர் உளர். மதுரையை எரித்தவள் போன இடமெல்லாம் இந்தப் பாட்டும் கூடவே போயிருக்கிறது.

2002இன் போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பின் பாதை திறந்தது. 2003இல் ஞாயிறு பதிப்புக்கான கட்டுரைக்காகப் படுவான்கரைக்குச் சென்றேன். எழுபதைத் தாண்டிய ஒரு முதியவர் கொம்புமுறிப் பாடல்கள் அனைத்தையும் அறிந்தவர் என்றார்கள். வாவியைக் கடந்து, பிறகு சைக்கிளில் போய் அவரைக் கண்டேன். தேநீர் தந்தார். பாடச் சொன்னேன். மறுத்துவிட்டார். உள்ளே மகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

"கொம்புமுறியில எல்லாரும் நிண்டுதானே கேட்பாங்க?" என்றேன்.

"அண்டைக்கு அம்மன் கேட்பா மனே. இண்டைக்குப் புள்ளைகளெல்லோ கேட்கும்" என்றார்.

தொல்காப்பியம் படியாத ஒருவரிடமிருந்து அவையல் கிளவிக்கு இதனைவிடச் சிறந்த உரையை நான் கேட்டதில்லை. பின்னர் என்னை வயல் வரம்பு வழியே கூட்டிச்சென்று ஒரு மருதமர நிழலில் இருத்தி, பொழுது சாயும்வரை பாடினார். அவர் தென்சேரிக்காரர். வடசேரிக்காரரின் கொம்பு, அதன் நீளம், உறுதி, அது முறிந்த விதம் ஆகியவை பற்றியே பாட்டு. சிலேடை என்பது காளமேகத்தோடு முடிந்துவிடவில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். சிரித்துச் சிரித்து எனக்கு எழுத முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிவிலும் கிழக்கே கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒருதரம் கும்பிட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "கொதிச்சு வந்தவவச் சிரிக்கவச்சாத்தான் குளிருவா" என்றார். அம்மனின் சடங்கு முடிவதும் குளிர்த்தியில்தானே.

முப்பத்தெட்டுப் பாடல்கள். ஒரு நீலமட்டைக் கொப்பியில் எழுதினேன்.

கட்டுரை வெளிவந்தபோது அதில் நாலு பாடல்கள் இருந்தன. ஆனால் இடையிடையே புள்ளிகள். அந்தப் புள்ளிகளை இட்டவர் எனது ஆசிரியர் அல்லர். அவர் அப்போது விடுமுறையில் இருந்தார். நானே இட்டேன். பேப்பருக்குத் தகாது என்று பத்து வருடங்களாக மற்றவர்களின் பிரதியில் வெட்டிப் பழகிய கை, தன் பிரதியிலும் வெட்டியது. மீதியைப் பிறகு ஒரு நூலாக முறையான குறிப்புகளோடு வெளியிடலாம் என்று எண்ணினேன். கொப்பியைக் கல்லடியில் உறவினர் வீட்டில் மற்றைய கடதாசிகளோடு வைத்திருந்தேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி அந்த வீட்டின் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியது. உறவினர்கள் உயிர்தப்பியதே பெரிய காரியம். அந்த நேரத்தில் கொப்பியைப் பற்றிக் கேட்க யாருக்கு மனம் வரும்? பாதைகள் மறுபடி மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலத்தில் படுவான்கரைக்குப் போக முடியவில்லை. 2007இல் அங்கே மக்கள் இடம்பெயர்ந்து போனார்கள். முதியவர் அகதி முகாமில் காலமானதைப் பின்னர்தான் அறிந்தேன். அவருடைய மகனுக்குத் தகப்பனின் குளிர்த்திப் பாடல்கள் தெரியும். மற்றவை தெரியா. "அப்பா எங்களுக்குச் சொல்லித்தரல்ல, கேட்கவும் வெக்கம்" என்றார்.

2023இல் அப்பகுதிப் பாடசாலை ஒன்றின் கலைவிழாவுக்கு அழைத்திருந்தார்கள். கொம்புமுறியை மேடையில் மாணவர்கள் நடித்துக் காட்டினார்கள். கொம்பு முறிந்ததும் தென்சேரிப் பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். இரண்டாவது அடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அது எனது கட்டுரையில் வந்த பாட்டு. பயிற்றுவித்த ஆசிரியை பழைய பத்திரிகை நறுக்கு ஒன்றிலிருந்து எடுத்ததாகப் பின்னர் சொன்னார். நான் புள்ளியிட்ட இடங்களில் பிள்ளைகள் "தன்னன தானானே" என்று பாடித் தாளம் தட்டினார்கள். சபை கைதட்டியது. ஆசிரியை என்னிடம் வந்து, "சேர், அந்த இடங்களில உண்மையாக என்ன வரும்?" என்று கேட்டார்.

நாலு இடங்களில் ஒன்று மட்டுமே எனக்கு நினைவிருந்தது. அதைச் சொல்லலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். பிள்ளைகள் நின்றார்கள்.